காத்தான் சத்திரத்து வெண்பாவும் அதன் யாப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிறு இணைப்பில், நகைச்சுவைத் துணுக்குகளுக்கு நடுவே, நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்தைப் பற்றிக் காளமேகப் புலவர் பாடிய பாடலை வெளியிட்டிருந்தீர்கள். 15ஆம் நூற்றாண்டுப் புலவர் ஒருவரின் பாடலை இன்றைய வாசகர்கள் படித்துச் சிரிக்க இடம் ஒதுக்கியதற்கு என் நன்றியை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் பாடல் அச்சாகியிருந்த வடிவம் என்னை வருந்தச் செய்தது. அது பின்வருமாறு இருந்தது:

கத்துகடல் சூழ் நாகைக் காத்தான் சத்திரத்தில்
அஸ்தமிக்கும் போது அரிசி வரும்
குத்தி உலையில் இட ஊர் அடங்கும்
ஓர் அகப்பை அன்னம் இலையில் இட வெள்ளி எழும்

இவ்வடிவத்திலும் பொருள் விளங்கத்தான் செய்கிறது. பொழுது சாயும் நேரத்தில்தான் சத்திரத்துக்கு அரிசி வந்து சேரும். அதைக் குத்தி உலையில் இடுவதற்குள் ஊர் உறங்கிவிடும். ஓர் அகப்பைச் சோற்றை இலையில் இடுவதற்குள் விடிவெள்ளி முளைத்துவிடும். பசியோடு இரவில் வந்து சேர்ந்த வழிப்போக்கனின் மனக்குறை இது. ஆயினும் அச்சான வடிவம் வெண்பாவாக இல்லை. புலவர்கள் பலரின் தனிப்பாடல்களைத் தொகுத்த தனிப்பாடல் திரட்டு வழியாக நமக்குக் கிடைத்து, பரவலாக வழங்கிவரும் வடிவம் இதுவாகும்:

கத்துகடல் சூழ்நாகைக் காத்தான்தன் சத்திரத்தில்
அத்தமிக்கும் போதில் அரிசிவரும் - குத்தி
உலையிலிட ஊரடங்கும் ஓரகப்பை அன்னம்
இலையிலிட வெள்ளி எழும்.

இரண்டுக்கும் சொற்களில் பெரிய வேறுபாடு இல்லை, எளிய வாசகருக்காகச் சற்றுப் பிரித்து அச்சிட்டதில் என்ன குறை என்று தாங்கள் கேட்கலாம். இந்தப் பாடலில் நகைச்சுவை சொல்லப்பட்ட செய்தியில் பாதிதான் இருக்கிறது. மறுபாதி அச்செய்தி அடிகளிலும், அடியின் பகுதிகளாகிய சீர்களிலும், எதுகை மோனை முதலிய தொடைகளிலும் அமைந்துள்ள முறையில் இருக்கிறது. யாப்பைக் கலைத்தால் எஞ்சுவது சத்திரத்தில் சோறு தாமதமாகக் கிடைத்தது என்ற தகவல் மட்டுமே. அதைச் சற்று விரிவாக எடுத்துக்காட்ட அனுமதிக்குமாறு வேண்டுகிறேன்.

அடி எங்கே முடிகிறது, வாக்கியம் எங்கே முடிகிறது என்பதை முதலில் பார்ப்போம். இந்த வெண்பாவில் மூன்று வாக்கியங்கள் உள்ளன. தொடக்கத்திலிருந்து ‘அரிசிவரும்’ வரை ஒன்று. ‘குத்தி’ முதல் ‘ஊரடங்கும்’ வரை இரண்டாவது. ‘ஓரகப்பை’ முதல் ‘எழும்’ வரை மூன்றாவது. பாட்டின் 15 சீர்களில் அவை முறையே 7, 3, 5 சீர்களைப் பெறுகின்றன. இறுதி அடியைத் தவிர வேறெந்த அடியின் முடிவிலும் வாக்கியம் முடியவில்லை. முதலடி ‘சத்திரத்தில்’ என்று இடத்தை மட்டும் சொல்லி நிற்கிறது. இரண்டாமடியில் அரிசி வந்து சேர்ந்து வாக்கியம் நிறைவடைந்தவுடன், தனிச்சொல்லாக ‘குத்தி’ வந்து அடுத்த வேலையைத் தொடங்கிவைத்துவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. மூன்றாமடியின் நடுவில் ஊர் அடங்குகிறது. பிறகு ‘ஓரகப்பை அன்னம்’ என்ற அளவில் அடி முடிந்துவிடுகிறது. சோறு அகப்பைக்கு வந்துவிட்டது, ஆனால் இலைக்கு வரவில்லை. அகப்பைக்கும் இலைக்கும் நடுவில் ஓர் அடியின் எல்லை குறுக்கே நிற்கிறது. பாட்டைக் கேட்பவரும் பந்தியில் உட்கார்ந்திருப்பவரைப் போலவே அந்த இடத்தில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. தங்கள் இணைப்பில் வந்த வடிவத்தில் ‘ஓர் அகப்பை அன்னம் இலையில் இட வெள்ளி எழும்’ என்று எல்லாம் ஒரே வரியில் சேர்ந்துவிட்டதால், அந்தக் காத்திருப்பு முற்றிலும் காணாமற் போய்விட்டது.

தனிச்சொல்லைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நேரிசை வெண்பாவில் இரண்டாமடியின் நான்காம் சீராக, சிறு கோட்டுக்குப் பின் தனித்து நிற்கும் சொல், முன்னிரண்டு அடிகளின் எதுகையை, அதாவது இரண்டாம் எழுத்தின் ஒப்புமையைப் பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. இங்கே ‘கத்து’, ‘அத்த’, ‘குத்தி’ என்று அந்த எதுகை பொருந்துகிறது. ஓசையால் முன்னடிகளோடு கட்டுண்ட ‘குத்தி’, பொருளால் அடுத்த அடிக்கு உரியது. செவி அதைப் பின்னோக்கி இணைக்கிறது, கருத்து அதை முன்னோக்கி இழுக்கிறது. சமையல் வேலைகளிலேயே அதிக நேரமும் உழைப்பும் பிடிப்பது உரலில் அரிசியைக் குத்துவதுதான். அந்த வேலையைக் குறிக்கும் சொல்லை, முன்னும் பின்னும் நிறுத்தம் வரும் ஓரிடத்தில் தனியாக வைத்திருக்கிறார் புலவர். சிறு கோடு நீக்கப்பட்டு அச்சொல் அடுத்த வரியின் தொடக்கத்துக்குப் போய்விட்டால், அது எல்லா வினையெச்சங்களையும் போல விரைந்து கடந்துபோகும் ஒரு சொல்லாகிவிடுகிறது.

அச்சு வடிவத்தில் ‘அத்தமிக்கும்’ என்பது ‘அஸ்தமிக்கும்’ என்று மாறியிருந்தது. அசைகளின் அளவு இதனால் மாறவில்லை, சீரோடு சீரை இணைக்கும் தளையும் கெடவில்லை. ஆனால் இரண்டாம் எழுத்து ஒன்றி வரவேண்டிய இடத்தில் தகர ஒற்று போய்விட்டதால், முதலிரண்டு அடிகளின் எதுகையே இல்லாமற் போகிறது. ‘சத்திரத்தில்’ என்ற சொல்லும் இந்த எதுகையில் பங்கு பெறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்: முதலடியில் முதற்சீரும் நான்காம் சீரும், இரண்டாமடியிலும் அவ்வாறே முதற்சீரும் நான்காம் சீரும் ஒரே எதுகை பெற்று, ‘கத்து - சத்தி’, ‘அத்த - குத்தி’ என்று ஒரூஉ எதுகையாக நிற்கின்றன. ஒலிப்பெருக்கம் மிகுந்த இந்த வல்லொற்றுகள் முன்பாதியை ஆள்கின்றன; பின்பாதியில் எதுகை மாறி, ‘உலை - இலை’ என்று மெல்ல ஒலிக்கிறது. முன்னிரண்டு அடிகளுக்கு ஓர் எதுகையும் பின்னிரண்டு அடிகளுக்கு வேறோர் எதுகையும் வருவதால் இதை இருவிகற்ப நேரிசை வெண்பா என்பர். ‘கத்துகடல்’ என்று ஆரவாரத்தோடு தொடங்கிய பாட்டு, ஊர் அடங்கும் இடத்தில் ஒலியிலும் அடங்கிவிடுகிறது.

‘காத்தான்தன்’ என்பதிலுள்ள ‘தன்’ விடுபட்டது இதைவிடப் பெரிய பிழை. அதனால் பொருளுக்கு இழப்பு ஒன்றுமில்லை என்பதால் விட்டிருக்கக்கூடும். ஆனால் ‘காத்தான்’ என்று நின்றால் அது நேர் நேர் என்னும் இரண்டு அசைகளால் ஆன தேமா. அதையடுத்து ‘சத்திரத்தில்’ என்ற நேரசையில் தொடங்கும் சீர் வருகிறது. மா முன் நேர் வந்தால் வெண்டளை தட்டிவிடும். வெண்பாவுக்குள் ஆசிரியத்தளை நுழைந்துவிடும். ‘காத்தான்தன்’ என்று தேமாங்காயாக இருந்தால்தான் காய் முன் நேர் என்ற வெண்சீர் வெண்டளை அமையும். பள்ளித் தேர்வுக்காகக் குறட்பாவை அலகிட்டு வாய்பாடு எழுதிப் பழகிய மாணவன் எவனும் இதைக் கண்டுபிடித்துவிடுவான். ‘போதில்’ என்பது ‘போது’ ஆனதால் தளைக்குத் தீங்கு இல்லை. அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

இனி, இந்த வெண்பாவை நான் வாய்விட்டு அலகிட்டுப் பார்த்தபோது என்னை மிகவும் மகிழ்வித்த ஒரு செய்தியைச் சொல்கிறேன். பாட்டின் 15 சீர்களில் 10 சீர்கள், மூன்று அசை பெற்று நேரசையில் முடியும் காய்ச்சீர்கள். ‘போதில்’, ‘குத்தி’, ‘அன்னம்’, ‘வெள்ளி’ ஆகிய நான்கும் தேமா. ஈற்றுச்சீராகிய ‘எழும்’ மலர் என்னும் வாய்பாட்டில் முடிகிறது. விளச்சீர் ஒன்றுகூட இல்லை. மூவசைச் சீர்கள் இவ்வளவு நெருங்கி வரும்போது நடை நீண்டும் நிதானித்தும் செல்கிறது. குறிப்பாக முதலடியின் நான்கு சீர்களும் காய்ச்சீர்களாகவே இருப்பதால், ஊரையும் உரிமையாளரையும் புகழ்ந்து தொடங்கும் ஒரு பெரிய பாட்டின் மிடுக்கு அதற்கு வந்துவிடுகிறது. காய் முன் நேர் வரவேண்டும் என்பதால், பெரும்பாலான சீர்கள் நேரசையில்தான் தொடங்குகின்றன. இரண்டு எழுத்து இணைந்து வரும் நிரையசையில் தொடங்கும் சீர்கள் இந்த வெண்பாவில் நான்கே நான்கு. அவை ‘அரிசிவரும்’, ‘உலையிலிட’, ‘இலையிலிட’, ‘எழும்’ என்பவை. அரிசி, உலை, இலை, விடியல்: அந்த இரவில் நடந்தது அனைத்தும் இந்த நான்கு சொற்களில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு தேமா வந்து, மா முன் நிரை என்னும் இயற்சீர் வெண்டளையால் நடை சற்றே துள்ளுகிறது. ஏதோ ஒன்று முன்னேறிவிட்டது என்று செவி நம்புகிறது. ‘எழும்’ என்னும் இறுதிச் சீரைத் தவிர, மற்ற இடங்களில் அடுத்த சீரிலேயே நடை மீண்டும் பழைய நிதானத்துக்குத் திரும்பிவிடுகிறது. புலவர் எண்ணி எண்ணி இப்படி அமைத்தார் என்று நான் வாதிட மாட்டேன். வெண்பா நாவில் ஊறிய ஒருவருக்கு இத்தகைய அமைப்பு தானாகவே வந்து பொருந்தும் என்று மட்டும் நம்புகிறேன்.

முதலெழுத்து ஒன்றி வரும் மோனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான்கில் மூன்று அடிகளில் முதற்சீரும் மூன்றாம் சீரும் ஒன்றும் பொழிப்பு மோனை இயல்பாக வந்திருக்கிறது. மூன்றாமடி மட்டும் ‘உலையிலிட ஊரடங்கும் ஓரகப்பை’ என்று முதல் மூன்று சீர்களிலும் மோனை பெற்றுக் கூழை மோனையாகிறது. உகரமும் ஊகாரமும் ஓகாரமும் தொடர்ந்து இதழ் குவிய ஒலிக்கும் அந்த அடியை உரக்கச் சொல்லிப் பார்த்தால், அதன் ஓசை இனிமை எவருக்கும் புலப்படும்.

திரும்ப வரும் சொற்களுக்கு வருகிறேன். தங்கள் துணுக்கின் அடிக்குறிப்பில் ‘இட’ என்ற சொல் இருமுறை வந்திருப்பதாக மட்டும் சொல்லப்பட்டிருந்தது. உண்மையில் திரும்ப வருவது ‘இட’ மட்டும் அன்று. ‘உலையிலிட’, ‘இலையிலிட’ என்னும் இரண்டு முழுச் சீர்களும் முதலெழுத்து ஒன்றைத் தவிர மற்றெல்லா எழுத்துகளிலும் ஒத்திருக்கின்றன. இரண்டும் கருவிளங்காய், இரண்டும் அடியின் தலையில் நிற்கின்றன. உலைக்கும் இலைக்கும் ஒலியில் உள்ள தொலைவு ஓர் எழுத்து. காலத்தில் உள்ள தொலைவோ, ஊர் உறங்கிய நேரத்திலிருந்து வெள்ளி முளைக்கும் நேரம் வரை. ஒலியில் இவ்வளவு நெருங்கிய இரண்டு செயல்களுக்கு நடுவில் ஓர் இரவு முழுவதும் கழிந்துவிட்டது என்று சொல்லாமல் சொல்வதுதான் இந்தப் பாட்டின் உயிர். இவ்விரு சொற்களும் அடியின் தலையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்போதுதான் இது கண்ணுக்கும் தெரியும், செவிக்கும் கேட்கும். ‘குத்தி உலையில் இட’, ‘ஓர் அகப்பை அன்னம் இலையில் இட’ என்று வரியின் நடுவே அவற்றைப் புதைத்துவிட்டால், எதுகை எதுகையாக நிற்காது. மேலும் ‘இலையில் இட’ என்று பிரித்ததால் ஈற்றடியில் சொற்கள் கூடிவிட்டன. வெண்பாவின் ஈற்றடி முச்சீரால் ஆகிய சிந்தடியாக, மற்ற அடிகளைவிடக் குறுகி முடிய வேண்டும். நீண்ட இரவுக்குப் பின் பாட்டு அவ்வளவு விரைவாக, ஓரசைச் சீரில் முடிந்துபோவதில் உள்ள வேடிக்கையும் இதனால் கெட்டது.

வினைமுற்றுகளிலும் ஒரு திரும்பல் உண்டு. ‘வரும்’, ‘அடங்கும்’, ‘எழும்’ என்று மூன்று வாக்கியங்களும் ‘உம்’ என்றே முடிகின்றன. ‘வந்தது’, ‘அடங்கியது’, ‘எழுந்தது’ என்று பாடியிருந்தால், அது ஒருநாள் நேர்ந்த தாமதமாக இருந்திருக்கும். ‘உம்’ ஈறு அதை அந்தச் சத்திரத்தின் நாள்தோறும் உள்ள வழக்கமாக ஆக்கிவிடுகிறது. அதோடு, முதல் வாக்கியத்தில் மட்டுமே அரிசி எழுவாயாக இருக்கிறது. இரண்டாவதில் எழுவாய் ஊர், மூன்றாவதில் வெள்ளி. சோறு மெல்ல மெல்லப் பின்னுக்குப் போய், வினையெச்சத்துக்குள் ஒடுங்கிவிடுகிறது. உலகம் தன் வேலையை முடித்துக்கொண்டே இருக்கிறது. உண்டார் என்று பாட்டில் எங்கும் இல்லை.

‘இட’ என்னும் ‘செய’ வாய்பாட்டு எச்சத்தின் இயல்பும் இங்கே துணைசெய்கிறது. அந்த எச்சம் காலத்தையும் குறிக்கும், காரணத்தையும் குறிக்கும். ‘ஞாயிறு பட வந்தான்’ என்பதில் அது காலம். ‘மழை பெய்ய நெல் விளைந்தது’ என்பதில் காரணம். ‘இலையிலிட வெள்ளி எழும்’ என்றால், இடும் நேரத்தில் வெள்ளி எழும் என்பதே நேர்ப்பொருள். ஆயினும் அகப்பை இலையைத் தொடுவதற்காகவே வெள்ளி காத்திருந்தது போலவும், இட்டதனால்தான் அது எழுந்தது போலவும் ஒரு நிழற்பொருள் உடன் ஒலிக்கிறது. பாட்டைக் கேட்ட காத்தான் வருந்தி வேண்ட, புலவர் அதையே புகழ்ச்சியாகப் பொருள் மாற்றிச் சொன்னார் என்று சிற்சில வேறுபாடுகளோடு வழங்கும் செவிவழிக் கதைக்கும் இந்த எச்சமே இடம் கொடுக்கிறது. நாட்டில் உணவு அற்றுப்போகும் காலத்திலும் இங்கே அரிசி வந்து குவியும். அதை உலையில் இடுவதனால் ஊரின் பசி அடங்கும். இலையில் இட்ட சோற்றின் வெண்மை வெள்ளியைப் போல் விளங்கும் என்பது அந்தப் புகழ்ப்பொருள். தங்கள் துணுக்கு இந்த இரண்டாம் பொருளைத்தான் பாட்டின் சிறப்பாக எடுத்துக் கூறியிருந்தது. நான் அதை ஏற்கவில்லை. மாலை, ஊர் அடங்கும் வேளை, விடியல் என்று ஒழுங்காக நகரும் காலத்தைப் புகழ்ப்பொருள் உடைத்துவிடுகிறது. உலைக்கும் இலைக்கும் நடுவில் இருந்த நீண்ட இரவு அதில் இல்லை. அது திறமையான விளக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் யாப்பு முழுவதும் வசைப்பொருளின் பக்கமே நிற்கிறது.

காளமேகத்தை ‘வசைபாடக் காளமேகம்’ என்று மரபு போற்றுகிறது. ஆனால் இந்த வெண்பாவில் வசைச்சொல் என்று ஒன்றுகூட இல்லை. வெண்பாவுக்குரிய ஓசை செப்பலோசை. ஒருவர் ஒரு செய்தியை எடுத்துரைப்பது போன்றது அது. வெண்சீர் வெண்டளையும் இயற்சீர் வெண்டளையும் கலந்துவரும் இந்தப் பாட்டில் அது ஒழுகிசைச் செப்பலாக, தடையின்றி ஓடுகிறது. குரலை உயர்த்தாமல் நடந்ததை நடந்தபடி சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான யாப்பு இல்லை. இதே புலவர் மோரை நோக்கிப் பாடியதாக வழங்கும் பாட்டை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே நான்கடிகளும் நாற்சீர் பெற்றவை. ‘கார்என்று பேர்படைத்தாய்’, ‘நீர்என்று பேர்படைத்தாய்’, ‘மோர்என்று பேர்படைத்தாய்’ என்று திரும்ப வரும் தொடர் எல்லோருக்கும் கேட்கும்படி முன்னே நிற்கிறது. அந்தத் தொடர் மூன்றாமடியில் மட்டும் வராமல் தவிர்க்கப்பட்டிருப்பதால், நான்காமடியில் ‘மோர்’ வந்து விழும்போது சிரிப்பு வெடிக்கிறது. அது வெளிப்படையான திரும்பல், கேட்டவுடன் சிரிக்கலாம். சத்திரத்து வெண்பாவில் திரும்பல் எதுகைக்குள் மறைந்திருப்பதால், முதல்முறை கேட்கும்போது பொருளுக்காகச் சிரித்தவர், இரண்டாம் முறை ஓசைக்காகச் சிரிப்பார். ‘தாதிதூ தோதீது’ போன்று ஒரே வரிசை எழுத்துகளால் ஆன ஓரின எழுத்துப் பாடல்களுக்கு மேடைகளில் கிடைக்கும் கைத்தட்டல் இதற்குக் கிடைப்பதில்லை. என் மதிப்பீட்டில் அவற்றைவிட இதுவே உயர்ந்த வேலைப்பாடு.

வாசகர்களுக்கு எளிமை வேண்டும் என்ற தங்கள் அக்கறையை நான் மதிக்கிறேன். அதற்கு வழி இருக்கிறது. பாடலை முதலில் சீர் பிரித்த வடிவத்தில், அடி மாறாமல், தனிச்சொல்லுக்கு முன் சிறு கோட்டோடு அச்சிடுங்கள். அதன் கீழே சொல் பிரித்த வடிவத்தையும் உரையையும் தாருங்கள். இரண்டு வடிவங்களுக்கும் சேர்த்து எட்டு வரிகளுக்கு மேல் இடம் வேண்டியிராது. மாணவர் பகுதியில் இத்தகைய நகைச்சுவை வெண்பா ஒன்றைக் கொடுத்து அலகிடச் சொன்னால், பிள்ளைகள் தளையையும் தொடையையும் தேர்வுக்கு உரிய சுமையாக நினைக்காமல் விரும்பிக் கற்பார்கள் என்பதை வகுப்பறையில் பலமுறை கண்டிருக்கிறேன். அடுத்த ஞாயிறு இணைப்பிலாவது ‘அத்தமிக்கும்’ என்றும் ‘காத்தான்தன்’ என்றும் திருத்தி, நான்கு அடிகளையும் அவற்றுக்குரிய இடத்தில் நிறுத்தி மீண்டும் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.